தப்பிய மூன்றாம் பாடம்

புதன்கிழமை, காலை 7.52.

திரையில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நீலக் குழாயால் இரத்தம் உள்ளே வந்தது, சிவப்புக் குழாயால் வெளியே போனது. எல்லாம் நேற்றுப் போலவே. குரல் மட்டும் இல்லை.

கணினி ஆசிரியை நிலாந்தினி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள். வயரைக் கழற்றி மாட்டினாள். வேறொரு கோப்பைப் போட்டுப் பார்த்தாள். அது நன்றாகவே பேசியது. மறுபடியும் ஆறாம் பாடத்தைத் திறந்தாள். ஒவ்வொரு ஸ்லைடின் வலது மூலையிலும் இருக்க வேண்டிய சின்ன ஸ்பீக்கர் அடையாளத்தைக் காணவில்லை. பதினாலு ஸ்லைட். பதினாலிலும் இல்லை.

"ரீச்சர், கடைசி வாங்குக்குத் தொண்ட கட்டிட்டு போல" என்றான் ஜன்னலோரம் இருந்த ஒருவன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எதையோ நினைத்து நிறுத்திக்கொண்டார்கள். நேற்றுத் தலைவலி என்று பாதிப் பாடத்தில் எழுந்துபோன றுக்ஸானாவும் இன்று வகுப்பில் இருந்தாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கக் கூடாதே என்று நிலாந்தினி தவித்தாள். பாடத்தைத் தயாரித்த மைமூனா ரீச்சரின் ஒரே மகள் அவள்.

"புத்தகத்த எடுங்க. நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம். சத்தம் போடாம வாசிங்க."

பிள்ளைகள் தலைகுனிந்ததும் மற்றப் பாடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றாம் பாடத்தில் குரல் இல்லை. இரண்டாம் பாடத்திலும் இல்லை. மூன்றாம் பாடம் பேசியது. நாலிலிருந்து எட்டு வரைக்கும் ஊமை. ஒன்பதும் பத்தும் பதினொன்றும் சரியாக இருந்தன.

காணாமற் போனது பாடம் அல்ல. மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட ஒரு மனிதரின் குரல். அதைப் பத்திரமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தவள் அவள்.

நிந்தவூருக்குப் போகும் வழியில், கடற்கரைப் பக்கமாக இருந்த அந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் என்றால் பிள்ளைகள் ஓடி ஒளிந்த காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியவர் மைமூனா. அவருடைய ஸ்லைடுகளுக்கு ஒரு சட்டதிட்டம் உண்டு. ஒரு ஸ்லைடில் ஒரே விசயம். ஏழு சொல்லுக்கு மேல் கிடையாது. சொல்ல வேண்டியதைக் குரல் சொல்லட்டும், காட்ட வேண்டியதைப் படம் காட்டட்டும். எழுதியதையே வாசித்துக்கொண்டிருந்தால் பிள்ளை தூங்கிவிடும் என்பார். எழுத்து கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக, வீட்டில் மடிகணினியை மேசையில் வைத்துவிட்டுக் கணவர் ஹிஷாமைத் தள்ளியிருந்த அடுப்படிக் குசினி வாசலில் கொண்டுபோய் இருத்துவார்.

ஹிஷாம் சம்மாந்துறையில் அரிசி ஆலையொன்றில் மெசின் ஓட்டியவர். படிப்பு எட்டாம் வகுப்பு. மைமூனா பேசிப் பதிவுசெய்யும்போது நடுவில் குறுக்கிடுவார். "நில்லுங்க, நில்லுங்க. எனக்கு விளங்கல்ல. இந்தச் சிவப்பு எங்க போகுது?" மைமூனா அதை வெட்டி எறியவில்லை. அப்படியே விட்டுவிட்டு, அவருக்குப் பதிலும் சொன்னார். வகுப்பில் முப்பத்துநாலு பேருக்கும் அதே இடத்தில் அதே சந்தேகம்தான் இருந்தது. கேட்க வெட்கப்பட்டதை அந்தக் குரல் கேட்டுவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், விளங்கிக்கொண்டார்கள், அவருக்குக் "கடைசி வாங்கு" என்று பேரும் வைத்தார்கள். ஒவ்வொரு பாடத்திலும் பதினாலாவது ஸ்லைடில் எழுத்தே இருக்காது. ஒரு படம் மட்டும். அதைப் பார்த்து முழுப் பாடத்தையும் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் ஹிஷாம் சொல்வார், பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை.

ஐந்து கிழமைக்கு முன், பழுதான மடிகணினியைத் திருத்தக் கல்முனைக்குக் கொண்டுபோனார் ஹிஷாம். பிரதான வீதியில் லொறி ஒன்று மோட்டார் சைக்கிளில் மோதியது. ஆளும் இல்லை, மடிகணினியும் இல்லை.

மூன்றாம் நாள் நிலாந்தினி போனபோது, வெள்ளை உடுத்து இத்தா இருந்த மைமூனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிலா, அவர்ட்ட இருந்தது பொத்தான் போன். ஒரு மெசேஜ் கூட இல்ல. அவர்ட குரல் உங்கட ஸ்கூல் கம்பியூட்டர்ல மட்டுந்தான் இரிக்கி. இப்ப கேக்க எனக்கு ஏலா. இத்தா முடிய வந்து கேக்கிறன். பத்திரமா வெச்சிரிங்க."

"ஓம் அக்கா. நான் பார்த்துக்கொள்றன்."

கணவரை இழந்த பெண் இருக்கும் இத்தா நாலு மாதமும் பத்து நாளும்; அதுவரை மைமூனா வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். சாதாரண தரப் பரீட்சைக்கோ பத்துக் கிழமைதான். பாடசாலை இரவல் கொடுத்த மடிகணினியில் மிச்சப் பாடங்களை வீட்டிலிருந்தே செய்து, மகளிடம் பென் ட்ரைவில் கொடுத்தனுப்பினார்; வகுப்பில் போட்டுக் காட்டுவது நிலாந்தினியின் பொறுப்பாயிற்று. அப்படி வந்தவைதான் ஒன்பதும் பத்தும் பதினொன்றும். வெளியே போய்ப் படமெடுக்க வழியில்லாததால் அவற்றில் எல்லாம் கையால் வரைந்த படங்கள்.

பழைய பாடங்களைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நிலாந்தினி ஒவ்வொரு கிழமையும் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

புதன்கிழமை, காலை 10.40.

அதிபர் அப்துல் ஸமட்டின் அறை. மேசையில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று கிடந்தது.

"வலயக் கல்வி அலுவலகத்துக்கு. ஷரிபுதீன் சேர்ட இடமாற்றத்துக்கு" என்றார் அதிபர். "நேத்து ரெண்டு நாப்பதுக்கு அவர் ஸ்மார்ட் வகுப்பறையால வெளிய வந்தத வாச்சர் கண்டிரிக்கார்."

"விசாரிக்காமலா சேர்?"

"விசாரிங்க. நாளைக்கு மூணு மணி வரைக்கும் பாக்கிறன். அதுக்குமேல என்னால ஏலா."

முதலில் ஸ்மார்ட் வகுப்பறைக்குப் பொறுப்பான ஜவுபர் வந்தான்.

"நேற்றுப் பின்னேரம் எங்க இருந்தீங்க?"

"ளுஹர் தொழுதுட்டு, ஸ்கூல் விட்டதும் சாப்பிடப் போனன். வர மூணு மணி."

"அறைத் திறப்பு எங்க?"

"கதவுப் பூட்டுலதான் இருந்த."

"கம்பியூட்டர்ட பாஸ்வேர்ட் ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்குத் தெரியாது எண்டு கேளுங்க ரீச்சர். செவத்துல எழுதி ஒட்டினதே நான்தானே."

"பிரதி ஒண்டு எடுத்து வெச்சிருக்கலாமே?"

"அது உங்கட வேல எண்டு நெனச்சன்."

நிலாந்தினி அது அவனுடைய வேலை என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்டு தெளிவு" என்றான் ஜவுபர். "ஒண்டாம் பாடத்துல தொடங்கி வரிசையா அழிச்சிக்கிட்டு வந்திரிக்கான். எட்டோட நேரம் போதல்ல. மூணாம் பாடம் கண்ணுல படாமப் போயிட்டு."

அடுத்து வந்தவர் ஷரிபுதீன். விஞ்ஞானத்துக்கு இன்னொரு ஆசிரியர். வீட்டில் டியூசன் வகுப்பும் நடத்துபவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என்னத்துக்கு அந்த அறைக்குள்ள போனீங்க சேர்?"

"பின்னேர வகுப்புக்குப் புரொஜெக்டர் வயர் எடுக்க."

"உள்ளுக்கு ஆரும் இருந்தாங்களா?"

"இல்ல. கம்பியூட்டர் போட்டபடி கிடந்த. ஜன்னல் சாத்தியிருந்த. ஃபேன் நிப்பாட்டியிருந்த. பாண் சுடுற போறணைக்குள்ள போன மாதிரி வெக்க."

"கம்பியூட்டரத் தொட்டீங்களா?"

"தொடல்ல." அவர் குரல் தடித்தது. "'படம் காட்டிப் புள்ளைகளப் பாஸாக்கேலா' எண்டு ஸ்டாஃப் ரூமுல சொன்னவன் நான்தான். என்ட டியூசன் கிளாஸ விட்டு ஒம்பது புள்ளைகள் நிண்டதும் உண்மதான். ஆனா ஹிஷாம் காக்காட ஜனாஸாவ இந்தத் தோளால தூக்கினவன் நான். அந்தக் குரல நான் அழிப்பனா ரீச்சர்?"

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நிலாந்தினி தன் குறிப்புக் கொப்பியில் ஒரு வரி மட்டும் எழுதினாள்: சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தியது யார், ஏன்?

புதன்கிழமை, பிற்பகல் 1.45.

பிள்ளைகள் போன பிறகு ஸ்மார்ட் வகுப்பறையில் தனியே உட்கார்ந்து கோப்புகள் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரங்களைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை கணினி போடப்பட்டது 1.48க்கு. ஒன்றாம் பாடம் சேமிக்கப்பட்டது 1.55. இரண்டாம் பாடம் 2.04. நாலாம் பாடம் 2.12. ஐந்து 2.17. ஆறு 2.25. ஏழு 2.31. எட்டு 2.38. ஷரிபுதீன் அறையால் வந்தது 2.40.

ஐம்பது நிமிடம்! ஏழு கோப்பை அழிக்க ஒரு நிமிடமே போதும். மொத்தமாகத் தெரிவு செய்து ஒரு பொத்தானை அமத்தினால் சரி. வந்த ஆள் அப்படிச் செய்யவில்லை. ஸ்லைடுகளை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பீக்கர் அடையாளங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்திருந்தது. படங்கள் ஒன்றும் குலையவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் வேண்டும் என்று நினைத்த கை அது.

ஸ்லைடுகள் தாமாக மாறும் நேரம் கோப்பிலேயே பதிந்திருந்தது. ஒன்றாம் பாடம் ஓடுவது ஆறு நிமிடம். அதற்குச் செலவானது ஏழு. இரண்டாம் பாடம் எட்டு நிமிடம், செலவானது ஒன்பது. ஐந்தாம் பாடம் நாலு நிமிடம், செலவானது ஐந்து. எல்லாவற்றிலும் பாடத்தின் நீளமும் ஒரு நிமிடமும். நாலாம் பாடம் மட்டும் இடறியது. ஐந்து நிமிடப் பாடத்துக்கு எட்டு நிமிடம்.

நிலாந்தினி பேனையைக் கீழே வைத்தாள். வந்த ஆள் ஒவ்வொரு பாடத்தையும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறது. கேட்ட பிறகே எடுத்திருக்கிறது. அழிக்க வருகிறவர் எதற்காகக் கேட்க வேண்டும்?

நாலாம் பாடத்தில் கூடிப்போன இரண்டு நிமிடம், மூன்றாம் பாடத்துக்குரியது. கண்ணில் படாமல் போகவில்லை. திறந்து, இரண்டு நிமிடம் கேட்டு, வேண்டாம் என்று விட்டிருக்கிறது.

மூன்றாம் பாடத்தை அவளும் ஓட விட்டாள். மின்சுற்று. வயலில் நீரிறைக்கும் மோட்டர், தெருவோரத்து மின்கம்பம், எல்லாம் வெளியே எடுத்த புகைப்படங்கள். பழைய பாடம்தான். மைமூனாவின் குரல் கொஞ்சம் கரகரத்துக் கேட்டது. மூன்று ஸ்லைடுக்கு மேல் கேட்க நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. நிறுத்திவிட்டாள்.

2.45க்கு அவள் வெளியே வந்தபோது, வாசலோரத்து வாங்கில் இருந்த றுக்ஸானா எழுந்து, ஹிஷாமின் தம்பியான சாச்சா பஸாலின் ஓட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஒன்றரைக்கே ஹிஷாமின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்.

வியாழக்கிழமை, காலை 9.15.

இத்தா இருக்கிற வீட்டுக்குள் அந்நிய ஆண்களான அதிபரோ ஜவுபரோ போய்ப் பேச முடியாது. நிலாந்தினி போனாள்.

மைமூனா மெலிந்திருந்தார். மேசை நிறைய வரைந்த தாள்கள். குசினி வாசலில் அந்தக் கதிரை இன்னும் அங்கேயே இருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

"பன்னிரண்டாம் பாடம் முடிஞ்சிது நிலா. ஆனா விளங்குதா எண்டு சொல்ல ஆளில்ல" என்றார். "எழுத்துப் பெருசா, சின்னமா எண்டும் தெரியல்ல. நானே எழும்பிப் போய் அந்தக் கதிரயில இருந்து பாக்கிறன்."

நடந்ததைச் சொல்லாமல் சுற்றி வளைத்தாள்.

"அக்கா, மூணாம் பாடத்துல உங்கட குரல் வித்தியாசமாக் கேட்டிச்சு."

"அதுவா? அது மழ பேஞ்ச அண்டு பேசின. தகரத்துல அடிச்ச மழ, ஒண்டும் கேக்காது. போன மாசம் மகள்ட்டச் சொல்லி அந்தக் கோப்ப எடுப்பிச்சு, பதின்மூணு ஸ்லைடத் திரும்பப் பேசின."

"தனியவா?"

"இனித் தனியத்தானே."

விடைபெறும்போது மைமூனா பென் ட்ரைவை நீட்டினார்.

"செவ்வாய்க்கிழம மகள்ட்ட இதக் கேட்டதுக்கு ஸ்கூல்ல விட்டுட்டன் எண்டா. நேத்துப் பின்னேரம் பாத்தா பேக்குக்குள்ளயே கிடந்த. வைரஸ் பயத்துல வழம போல எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பன்னிரண்டாம் பாடத்தப் போட்டிரிக்கன். நீங்களே கொண்டுபோங்க."

நிலாந்தினி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து யோசித்தாள். மூன்றாம் பாடம் ஹிஷாம் மௌத்தான பிறகு பேசியது. அதில் அவர் இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று, அவற்றிலும் இல்லை. களவு போன ஏழிலும் இருக்கிறார். வந்த ஆளுக்கு மைமூனாவின் பாடத்தோடு ஒரு கோபமும் இல்லை. அதற்கு வேண்டியது ஹிஷாம்.

செவ்வாய்க்கிழமை காலை அவளே ஆறாம் பாடத்தைப் பரீட்சைக்கான மீட்டல் பயிற்சியாகப் போட்டாள். அவர் மௌத்தான பிறகு அவருடைய குரல் வகுப்பில் கேட்டது அன்றுதான் முதல் தடவை. "நில்லுங்க, நில்லுங்க" என்றதும், எப்போதும் போல, வகுப்பு கொல்லென்று சிரித்தது.

ஒரு பிள்ளைக்குத் தலைவலி வந்தது.

வியாழக்கிழமை, பிற்பகல் 1.38.

வாசலோரத்து வாங்கில் றுக்ஸானா தனியே இருந்தாள். நிலாந்தினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செவ்வாய்க்கிழம ஃபேன ஏன் மகள் நிப்பாட்டின?"

றுக்ஸானா மறுக்கவில்லை. பர்தாவின் நுனியை விரலில் சுற்றினாள்.

"ஃபேன் சத்தத்துல வாப்பாட குரல் கேக்கல்ல ரீச்சர். ஸ்பீக்கரக் கூட்டினா வெளிய கேக்கும்."

"என்னத்துக்கு எடுத்த?"

"அவங்க சிரிச்சாங்க."

"எப்பவும் சிரிக்கிறதானே. அதுக்குத்தானே அவரும் அப்பிடிக் கேக்கிற."

"அப்ப வாப்பா இருந்தாங்க." அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் சிரிச்சீங்க ரீச்சர்."

அது உண்மை.

"நான் அழிக்கல்ல. எடுத்துத்தான் வெச்சிரிக்கன். உம்மா வாப்பாட கல்யாண வீடியோவுல கூடப் பாட்டுத்தான் இரிக்கி, வாப்பா கதைக்கிற ஒண்டும் இல்ல. உம்மாட இத்தா முடிஞ்ச அண்டைக்குக் குடுக்கலாம் எண்டு முழுப் பாடத்தையும் பென் ட்ரைவுல போட்டுட்டு, மறுகாத்தான் ஸ்கூல் கம்பியூட்டர்ல இருந்து எடுத்த."

பையைத் திறந்தாள். பென்சில் பெட்டியைத் திறந்தாள். கொப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உதறினாள்.

"இதுக்குள்ளதான் ரீச்சர் வெச்ச. சத்தியமா இதுக்குள்ளதான்."

நிலாந்தினியின் கை தன் கைப்பைக்குள் போயிற்று. விரல் நுனியில் பென் ட்ரைவ் பட்டது. அதை வெளியே எடுக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஜவுபர் போட்டான். ஒரு மணி நேரம் அது தேடியது. ஃபேனைப் போட யாருக்கும் தோன்றவில்லை. கடைசி வாங்கில் றுக்ஸானா வியர்த்து நனைந்து இருந்தாள். ஓட்டோ வந்ததும் ஜவுபர் போய்ப் பஸாலைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தான். பாதி கிழிந்த இதயம் ஒன்று வந்தது. மின்கம்பத்தின் மேல்பாதி வந்தது. ஏழு பாடத்தின் ஒலியிலும் உஸ் என்ற இரைச்சல் மட்டுமே. பழைய பாடங்கள் இருந்த இடத்தில் பன்னிரண்டாம் பாடம் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஜவுபர் மெல்லச் சொன்னான்: "இதுக்கு மேல ஏலா ரீச்சர்."

வியாழக்கிழமை, பிற்பகல் 2.58.

அதிபரின் அறையில் ஷரிபுதீன் நின்றிருந்தார். கடிதத்தில் அதிபரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"கடிதத்தக் கிழிச்சிருங்க சேர்" என்றாள் நிலாந்தினி. "இதச் செஞ்சது ஷரிபுதீன் சேர் இல்ல."

நேரங்களைச் சொன்னாள். நிறுத்திய ஃபேனைச் சொன்னாள். "அழிக்க வந்த ஆள் அம்பது நிமிசம் வேர்த்து ஒழுக இருந்து கேக்காது. இது பிரிஞ்சுபோக மனமில்லாம கேட்ட ஆள். ஸ்கூல் விட்ட பிறகு ரெண்டே முக்கால் வரைக்கும் இங்க இருந்தாலும் ஏன் எண்டு கேக்க ஆளில்லாத ஆள். எடுத்தது ஹிஷாம் அண்ணன்ட மகள்."

அதிபர் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

"புள்ளைட பேர் இந்த அறைய விட்டு வெளிய போகப்படாது."

"என்ட பேர் ரெண்டு நாளா ஊரெல்லாம் போயிட்டு" என்றார் ஷரிபுதீன். "பரவாயில்ல. அதோட நிக்கட்டும்."

"குரல்?" என்று கேட்டார் அதிபர்.

நிலாந்தினி தலையை ஆட்டினாள். "தெரியாம அழிச்சிட்டாங்க. மைமூனாக்காவே."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்பவர் போலக் கேட்டார்: "அப்ப மூணாம் பாடத்த மட்டும் ஏன் விட்ட?"

"அதுல ஹிஷாம் அண்ணன் இல்ல சேர். மழச் சத்தம் எண்டு மைமூனாக்கா அதத் திரும்பப் பேசினவ. பதின்மூணு ஸ்லைட..."

நிறுத்தினாள்.

"பதின்மூணு" என்றாள் மறுபடியும். "சேர், ஒரு பாடத்துக்குப் பதினாலு ஸ்லைட்."

செருப்பு ஒன்று கழன்று விழுந்ததையும் பார்க்காமல் ஓடினாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். றுக்ஸானா அந்தக் கடைசி வாங்கிலேயே தலையைக் கவிழ்த்துக் கிடந்தாள். நிலாந்தினி மூன்றாம் பாடத்தைத் திறந்து நேரே கடைசி ஸ்லைடுக்குப் போனாள்.

எழுத்தில்லாத ஸ்லைட். அவர்கள் வீட்டுக் குசினியில் தொங்கும் ஒரு பல்ப், எரியாத பல்ப். சுவரோரம் ஒரு வயர் அறுந்து தொங்கியது. வலது மூலையில் சின்ன ஸ்பீக்கர் அடையாளம்.

முதலில் மழை கேட்டது. தகரத்தில் விழுகிற பெருமழை. அந்த மழைக்குள்ளிருந்து, சத்தம் போட்டுப் பேசினால்தான் கேட்கும் என்று நினைத்த ஒரு மனிதர் பேசினார்.

"இப்ப நான் சொல்றன், கேளுங்க. கரண்ட் ஒரு சுத்துச் சுத்தித் திரும்பி வரணும். நடுவுல ஒரு இடத்துல விட்டுப்போனா பல்ப் எரியாது. அதுக்குப் பல்ப ஏசப்படாது. பல்புல பிழ இல்ல. விட்டுப்போன இடத்தத் தொடுத்தாச் சரி." ஒரு சின்ன நிறுத்தம். "என்ன, சிரிக்கிறீங்க? சரிதானே நான் சொன்ன?"

மழை. பிறகு மைமூனாவின் சிரிப்பு. பிறகு ஒன்றுமில்லை.

ஷரிபுதீன் சுவரின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். றுக்ஸானா எழுந்து வந்து, அந்த ஸ்பீக்கர் அடையாளத்தைத் திரும்பவும் அமத்தினாள்.

அன்று நாலு மணிக்குப் பஸாலின் ஓட்டோவில் நிலாந்தினியும் கூடப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மைமூனா கேட்டு முடித்தார். மகளை ஏசவில்லை. "எடுத்தது நீ, அழிச்சது நான்" என்றார். "ஆர ஆரு ஏசுற?" பிறகு அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார்.

அழுது ஓய்ந்த பிறகு சொன்னார்: "மழ எண்டாலும் பரவாயில்ல எண்டுதான் அந்த ஒண்டத் தொடாம விட்ட. கைவரல்ல. நிலா, அத வகுப்புல போடுங்க. அவர் புள்ளைகளுக்காகப் பேசின."

நிலாந்தினி அந்தக் கோப்பை அன்றே ஐந்து இடத்தில் பிரதி எடுத்தாள்.

திங்கட்கிழமை, காலை 8.10.

மூன்றாம் பாடம் ஓடியது. பதினாலாவது ஸ்லைடில் மழை கேட்டதும் வகுப்பு நிமிர்ந்தது. கடைசி வாங்கின் குரல் கேட்டதும் முப்பத்துநாலு பேரும் மூச்சை அடக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரத்துப் பையன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன, சிரிக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

குரல் முடிந்தது. வழக்கப்படி அடுத்தது ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். யாரைக் கேட்பது என்று நிலாந்தினிக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. றுக்ஸானா அன்று தன் இடத்தை விட்டுக் கடைசி வாங்குக்குப் போயிருந்தாள்.

"நான் சொல்றன், கேளுங்க" என்றாள். எழுந்து நின்று திரையில் இருந்த பல்பைக் காட்டினாள். "கரண்ட் ஒரு சுத்துச் சுத்தித் திரும்பி வரணும், ரீச்சர்."